மூணாற்றின் நினைவுக் கற்கள்



நகரத்துச் சபைகளில் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, புதிதாக வந்த குடும்பத்தாரிடம் நாம் முதலில் கேட்பது, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே. திருநெல்வேலி என்பார் ஒருவர், நாகர்கோவில் என்பார் மற்றொருவர். மூணாறு என்று சொல்ல வேண்டியவர் மட்டும் சற்றுத் தயங்குவார். "அப்படியானால் நீங்கள் மலையாளிகளா?" என்ற அடுத்த கேள்வி உடனே வரும் என்பது அவருக்குத் தெரியும். பாட்டனார் பிறந்தது கயத்தாறு, தாம் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயம், பிழைப்பது திருப்பூரிலோ கோவையிலோ சென்னையிலோ என்றால், எதைத்தான் சொந்த ஊர் என்று சொல்வது?

இந்த மாதம் உங்களை அந்த மூணாற்றுக்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். வரையாடுகளையும் அருவிகளையும் காட்டுவதற்குச் சுற்றுலாக்காரர்கள் போதுமானவர்கள் இருக்கிறார்கள். நாம் பார்க்கப் போகிறவை அவ்வூரில் மாண்டவர்களின் நினைவாக நிற்கும் கற்களும் கட்டடங்களும். அவற்றின் நடுவே, கல் ஏதும் நிற்காத சில இடங்களையும் பார்ப்போம்.

மூன்று ஆறுகள் கூடும் ஊர்

பாலக்காட்டிலிருந்து வருகிறவர்கள் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக ஏறலாம். தேனிப் பக்கத்தார் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியாக வருவார்கள். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுவதால் இவ்விடத்திற்கு மூணாறு என்று பெயர். ஊரின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு குன்றின்மேல் மலைமாதா கோவில், மற்றொன்றின்மேல் சுப்பிரமணிய சுவாமி கோவில், இன்னொன்றின்மேல் பள்ளிவாசல் என்று மூன்றும் ஊரைப் பார்த்தபடி நிற்கும்.

1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர், பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். காட்டை அழிக்கவும் கொழுந்தெடுக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. கங்காணிமார் முன்பணத்தோடு திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளில் இறங்கினார்கள். பஞ்சத்தில் வாடிய குடும்பங்கள் சட்டி பானைகளோடு மலையேறின. இவ்வாறு ஏறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே, 1956 நவம்பர் முதல் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளோடு கேரளத்திற்குள் நின்றுவிட்டவர்கள்.

குன்றின்மேல் ஒரு கல்லறை

ஊரின் தென்புறத்தில், அடிமாலி செல்லும் சாலையில் உள்ளது பழைய மூணாறு. அங்கே ஒரு குன்றின்மேல் கருங்கல்லால் கட்டப்பட்ட சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தோட்டத் துரைமார் வழிபடுவதற்கென எழும்பிய ஆலயம் அது. இப்போது அங்கே தமிழிலும் ஆராதனை நடக்கிறது. உட்சுவரில் பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இங்கே வாழ்ந்து மறைந்த தோட்ட அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆலயத்தின் பின்னால் மேலே ஏறிச் சென்றால் கல்லறைத் தோட்டம் வரும். ஆலயம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கல்லறைத் தோட்டம் தோன்றிவிட்டது. ஹென்றி நைட் என்ற தோட்ட அதிகாரியின் இளம் மனைவி எலினர், 1894 டிசம்பரில், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்திய நாட்களில் காலராவால் இறந்தார். கணவனோடு அந்தக் குன்றின்மேல் உலாவியபோது, தான் இறந்தால் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் விளையாட்டாகச் சொன்னதாக ஊரார் கூறுவர். அவ்விதமே அவரை அங்கே அடக்கம் செய்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கல்லறையைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

கடல் கடந்து வந்து, இளமையில் மாண்ட அந்தப் பெண்ணுக்காக நம் மனம் இரங்கத்தான் செய்கிறது. ஆகிலும் அந்த நாட்களில் காலராவும் மலைக்காய்ச்சலும் பங்களாக்களை மட்டும் தேடி வரவில்லை. லயத்து வரிசைகளில் அவை எத்தனை வீடுகளைக் காலி செய்திருக்கும்!

இதை நான் சும்மா எழுதவில்லை. என் தாயார் இம்மலையின் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது என் பாட்டி காய்ச்சலில் இறந்தார்கள். பிறகு குடும்பம் கோவைக்கு இறங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன், "என் அம்மாவைப் புதைத்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று தாயார் கேட்டதால் அழைத்துச் சென்றேன். தேயிலைக்கும் கிராண்டிஸ் மரங்களுக்கும் நடுவே ஒரு சரிவு. அங்கே முன்பு மரச்சிலுவைகள் இருந்தனவாம். ஐம்பது மழைக்காலங்களில் அவை மக்கி மண்ணாகிவிட்டன. தாயார் அந்தச் சரிவில் ஏறியும் இறங்கியும் ஒரு மணி நேரம் தேடினார்கள். "அந்தப் பாறையிலிருந்து ஏழெட்டு அடி" என்பார்கள், பிறகு "இல்லை, அது வேறு பாறை" என்பார்கள். கடைசியில் பொதுவாக அந்தச் சரிவைப் பார்த்தபடி நின்று, முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

ரயில் நிலையம் அலுவலகமான கதை

குன்றிலிருந்து இறங்கி ஊருக்குள் வருவோம். தோட்ட நிறுவனத்தின் மண்டல அலுவலகமாக இன்று இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் மூணாறு ரயில் நிலையம் என்றால் நம்புவீர்களா? 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் ஒன்றை அமைத்தார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மற்றது சாலையிலுமாக ஓடிய வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டு, நீராவி இஞ்சின்கள் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிக்கு இறங்கி, போடிக்குப் போயின. இன்று டாப் ஸ்டேஷனில் நின்று தேனி மாவட்டத்துச் சமவெளியைப் பார்க்கும் பயணிகளுள் பலருக்கு, அது ரயில் நிலையத்தின் பெயர் என்பது தெரியாது.

1924 ஜூலையில் பெருமழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆனதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள். மாட்டுப்பட்டிப் பக்கம் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. அடைபட்ட நீர் ஏரியாகத் தேங்கி, ஒருநாள் உடைத்துக்கொண்டு மூணாற்றின்மேல் பாய்ந்தது. ரயில் பாதை, பாலங்கள், கடைகள் யாவும் போயின. ரயில் அதன்பின் ஓடவேயில்லை. ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் அழிந்து, நேரியமங்கலம், அடிமாலி வழியே புதிய சாலை உண்டாயிற்று. அந்த வெள்ளத்தைச் சொல்லும்போதெல்லாம் ரயில் போன கதையையே சொல்கிறோம். தண்டவாளத்தோடு போன மனிதரைப் பற்றி யாரும் அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை.

அதே அலுவலகத்திற்கு முன்பாக, 2015 செப்டம்பரில், வேறொரு காட்சியை நாடு கண்டது. தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து சாலையில் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். இருபது சதவீத போனஸ் கேட்டும், கூலி உயர்வு கேட்டும், எந்தச் சங்கத் தலைவரையும் முன்னே நிற்க விடாமல் ஒன்பது நாட்கள் இருந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போதுதான் ஊரெங்கும் பரவிற்று. கேட்ட இருபது சதவீதம் செப்டம்பர் 13 அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்விடத்தில் அதற்கென ஒரு கல் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெயரற்றவர்களாயிருந்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு பெயரைச் சூட்டிக்கொண்ட இடம் அல்லவா அது!

பதினான்கு பிள்ளைகள்

மீண்டும் பழைய மூணாற்றின் ஆற்றங்கரைக்குப் போவோம். அங்கே உள்ள நினைவுச் சின்னத்தின் அருகில் சற்று அமைதியாக நில்லுங்கள்.

1984-ஆம் ஆண்டு நவம்பர் 7. கடற்படையின் ஹெலிகாப்டர் ஒன்று ஹைரேஞ்ச் கிளப் மைதானத்தின் பக்கம் இறங்க வந்தது. மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது காணாத அதிசயம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஓடினார்கள். ஆற்றைக் கடக்க ஒரு தூக்குப்பாலம் இருந்தது. அத்தனை பிள்ளைகளின் பாரத்தை அது தாங்கவில்லை. அறுந்து விழுந்தது. பதினான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 7 அன்று அங்கே மலர் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் இன்று ஐம்பது வயதைக் கடந்து, நம்மைப்போலவே ஏதோ ஒரு நகரத்தில் பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். வாசகர்களே, உங்களில் சிலர் அவர்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்திருக்கவும் கூடும். அப்படியானால் அவர்களைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு என்றாவது சொன்னதுண்டா?

பெட்டிமுடி

மூணாற்றிலிருந்து மறையூர்ச் சாலையில் போய், இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை வாயிலைத் தாண்டி உள்ளே சென்றால் பெட்டிமுடி. நயமக்காடு தோட்டத்தின் ஒரு டிவிஷன் அது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ஏறத்தாழ பத்தே முக்கால் மணி. நாட்கணக்கில் பெய்த மழையில் மேலே மலை உடைந்து, நான்கு லயங்களின்மேல் இறங்கியது. பகலெல்லாம் வேலை செய்து களைத்து உறங்கியவர்கள் மண்ணுக்குள் போனார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. செய்தி வெளியுலகத்தை எட்டியது மறுநாள் காலையில்தான். எழுபது பேர் இறந்தார்கள். அறுபத்தாறு பேரின் உடல்கள் கிடைத்தன. நால்வர் கிடைக்கவேயில்லை. தன்னை வளர்த்த வீட்டின் குழந்தையைத் தேடி அலைந்த குவி என்ற நாய், பல நாட்களுக்குப் பின் ஆற்றில் அந்தப் பிள்ளையின் உடல் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

இறந்தவர்களில் பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. கொரோனாக் காலமாகையால் அங்கிருந்து உறவினர் மலையேறி வருவதே பெரும்பாடாயிற்று. ராஜமலையில் தோட்ட நிலத்தில் அவர்களை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 வரும்போது உறவினர் வந்து கூடி அழுது திரும்புகிறார்கள். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு மூணாற்றுக்கு அருகே குட்டியார்வேலியில் அரசு நிலம் தர, தோட்ட நிறுவனம் வீடு கட்டிக்கொடுத்தது.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். தோட்டத்து லயம் தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. வேலையில் இருக்கும்வரை அவர் அங்கே குடியிருக்கலாம். ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் அதே வேலைக்கு வந்தாலன்றி, வீட்டை ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். நான்கு தலைமுறையாக மலையைத் தேயிலையால் மூடிய குடும்பத்திற்கு, அம்மலையில் என்றென்றைக்கும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எஞ்சுவது பெரும்பாலும் ஆறடிக் குழி மட்டுமே. அந்தக் குழியும் எங்கே என்று தெரியாமல் போனால், அக்குடும்பம் அங்கே வாழ்ந்தது என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது?

மற்ற மலைகளிலும் இதுவே

மூணாறு மட்டுமல்ல, இதே மாவட்டத்தின் தென்கோடியில் குமுளிக்கு அப்பால் முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. 1887 முதல் 1895 வரை அதைக் கட்டினார்கள். அதைக் கட்டிய பென்னிகுவிக் துரைக்கு, மலையடிவாரத்தில் லோயர் கேம்ப்பில் தமிழக அரசு 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறந்தது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுமளவுக்கு நன்றி பாராட்டுகிறார்கள். அது தகுதியான நன்றியே. அதே அணைக்குச் சுண்ணாம்பும் கல்லும் சுமந்து, காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலிகளின் பெயரை எந்தப் பிள்ளைக்குச் சூட்டுவது? நமக்குத்தான் அவை தெரியாதே.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை இறங்கியது. அவையும் தேயிலைத் தோட்டப் பகுதிகள்தாம். அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் அடக்கம் செய்தபோது, கல்லறைகளின்மேல் பெயருக்குப் பதிலாக எண்களை எழுதி நட்டார்கள். மரபணுப் பரிசோதனை முடிவுகள் வரவர, உறவினர் வந்து தங்கள் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். ஓர் எண்ணுக்கு முன்னால் நின்று, "இது என் அம்மா" என்று சொல்ல முடிந்ததே அவர்களுக்கு அன்று கிடைத்த பெரிய ஆறுதல்.

நீங்கள் செய்யக்கூடியது

என் தாயாரின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. அன்று நாங்கள் சரிவிலிருந்து இறங்கி வந்தபோது, அந்தத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் இருந்த முதியவர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, கருப்புத் தேநீர் கொடுத்து, விவரம் கேட்டார். பிறகு இரும்புப் பெட்டியிலிருந்து அடக்கப் பதிவேட்டை எடுத்துவந்தார். நடுவில் கரையான் அரித்த பக்கங்கள். ஆண்டைச் சொன்னோம். விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார். பாட்டியின் பெயர், கணவர் பெயர், லயத்தின் எண், "வயது சுமார் 35", "காய்ச்சல்". அவ்வளவே.

தாயார் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார்கள். பின்பு மெதுவாக, "முப்பத்தைந்துதானா? எனக்கு அம்மா எவ்வளவு பெரியவளாகத் தெரிந்தாள்!" என்றார்கள். கல்லறை கிடைக்காத துக்கம் அந்த ஒரு வரியில் பாதியாவது தீர்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம், நாற்பது ஆண்டுகளாக வாய் திறக்காத கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் இன்னும் உயிரோடிருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அருகில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், லயத்தின் எண் என்ன, சமவெளியில் எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு ஏறினார்கள், உடன்பிறந்தோர் எத்தனை பேர், பிழைக்காமல் போன குழந்தைகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள், யாரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தோட்டத்து ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் இருந்தால், போய்ப் பார்த்துப் படியெடுத்து வையுங்கள். கரையான் நமக்காகக் காத்திருக்காது.

வேதாகமத்தை வாசிக்கும்போது, பெயர்கள் வரிசையாக வரும் அதிகாரங்களை நாம் சற்று வேகமாகப் புரட்டிவிடுவதுண்டு. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்பதில் நமக்கென்ன என்று நினைத்துவிடுகிறோம். மலையிலிருந்து திரும்பிய பிறகு என்னால் அவற்றை அப்படிப் புரட்ட முடியவில்லை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு எழுதியதனால் அல்லவா அந்தப் பெயர்கள் மிஞ்சின? யோர்தானைக் கடந்தவர்கள் கில்காலில் பன்னிரண்டு கற்களை நிறுத்தியதும், நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதற்காகத்தானே?

மூணாற்றில் குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது, இனி 2030-இல் மலைகளை நீலமாக்கும். அப்போது எல்லாரும் அங்கே போவார்கள். நீங்களும் குடும்பத்தோடு போங்கள். பூவைப் பார்த்த பிறகு, பழைய மூணாற்றுக் குன்றில் ஏறுங்கள். ஆற்றங்கரையில் அந்தப் பதினான்கு பிள்ளைகளின் நினைவிடத்தில் நில்லுங்கள். ராஜமலைப் பக்கம் திரும்பிப் பெட்டிமுடியை நினையுங்கள். பிறகு உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நீங்கள் எழுதிவைத்த பெயர்களை உங்கள் பிள்ளைகளைக் கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்று உங்கள் பிள்ளையிடம் யாரேனும் சொந்த ஊரைக் கேட்டால், அவன் தயங்க மாட்டான்.